‘அன்பு மாமியாரும் ஆவார்’

எங்கள் அம்மா காலையில் தேத்தண்ணியோடு முதலில் பார்ப்பது மரண அறிவித்தல்களைத்தான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் பலெர்மோவை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கும். இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாயார் என்று போகும். பிறகு கட்டாயம் அந்த வரி வரும்: இன்னாரின் அன்பு மாமியாரும் ஆவார். மருமக்கள் ஒருவர்கூட விடுபட மாட்டார்கள். ஒரு பெயர் விடுபட்டால் ஒரு வருசத்துக்குக் கோபம் இருக்கும்.

சிசிலிக்காரரும் இதில் எங்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. பலெர்மோவின் மதில்களில் கறுப்புக் கரை போட்ட அறிவித்தல்கள் ஒட்டியிருப்பதைப் பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று அவர்களுக்கும் ஒரு வரிசை உண்டு.

எனக்குப் பதினான்கு வயதில் அப்படி ஒரு அறிவித்தலுக்கு முன்னால் அம்மா நெடுநேரம் நின்றதைப் பார்த்தேன். அம்மா நான்கு வருசம் பராமரித்த சிஞ்ஞோராவின் அறிவித்தல் அது. சிஞ்ஞோராவுக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் வடக்கே. மகனும் அவருடைய ‘கூட்டாளி’யும் பக்கத்துத் தெருவில் ஒரே வீட்டில் இருபது வருசமாக இருந்தார்கள். ஊசி போட்டது, இரவில் தூக்கி உட்கார வைத்தது, மருந்துக்கு ஓடியது எல்லாம் அந்தக் கூட்டாளிதான். அறிவித்தலில் மகள் இருந்தார், மகளின் கணவர் இருந்தார், மகன் இருந்தார். கூட்டாளி இல்லை. “உதில ஒரு பேர் விடுபட்டுப்போச்சு” என்று மட்டும் அம்மா சொன்னார். செத்தவீட்டில் அந்த மனுசன் கடைசி வரிசையில், எங்களுக்குப் பக்கத்தில் நின்றார்.

ஆணை விரும்பும் ஆண்களையும் பெண்ணை விரும்பும் பெண்களையும் தமிழில் தன்பாலீர்ப்பாளர் என்கிறோம். அவர்களைப் பற்றிப் பேசும்போது காதல், கலியாணம், ஊர்வலம் என்றுதான் பேச்சுப் போகும். நான் இன்று சொல்லப்போவது இன்னொரு பக்கம். அம்மா அப்பாவுக்கு வயது போகும்போது, துணையின் அம்மா அப்பாவுக்கு வயது போகும்போது, இவர்கள் அந்த வீட்டுக்கு யார்? இந்தக் கேள்விக்கு இத்தாலி பதில் தேடிய கதையின் ஒரு முக்கியமான தொடக்கம் எங்கள் பலெர்மோவில் இருக்கிறது.

முதலில் ஒரு சாவிலிருந்து தொடங்க வேண்டும். எத்னா மலையின் கிழக்கு அடிவாரத்தில், கத்தானியா மாகாணத்தில், ஜார்ரே என்று ஒரு சிறிய நகரம். 1980 ஒக்ரோபர் 31ஆம் திகதி அங்கே இரண்டு பேரின் உடல்கள் கிடைத்தன. ஒருவர் ஜோர்ஜோ ஜம்மோனா, வயது 25. மற்றவர் அந்தோனியோ கலாத்தோலா, தோனி என்று கூப்பிடுவார்கள், வயது 15. இரண்டு பேரும் தலையில் சுடப்பட்டிருந்தார்கள். காணாமல்போய் இரண்டு கிழமை ஆகியிருந்தது. கைகளைக் கோத்தபடி கிடந்தார்கள் என்று செய்தி பரவியது. இன்று வாசிக்கும்போது அந்த வயது வித்தியாசம் வேறு கேள்விகளையும் எழுப்பும், எழுப்பவும் வேண்டும். ஆனால் அன்று ஊர் கேட்டது அந்தக் கேள்வியை அல்ல. இப்படியானவர்களால் குடும்பத்துக்கு வந்த அவமானத்தைப் பற்றித்தான் ஊர் பேசியது. தோனியின் சொந்தக்காரப் பையன் ஒருவன், 13 வயது, நான்தான் சுட்டேன் என்றான். பிறகு இல்லை என்றான். அந்தக் கொலைக்கு இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இத்தாலியில் அப்போது தன்பாலீர்ப்பு குற்றமாக இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1890இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத் தொகுப்பிலேயே அது குற்றமில்லை. அதற்காக அரசு சும்மா இருந்தது என்றும் இல்லை. முசோலினி காலத்தில், 1939இல், கத்தானியாப் பொலிஸ் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்களைப் பிடித்து அத்திரியாத்திக் கடலில் உள்ள சான் தோமினோ தீவுக்கு அனுப்பியது. சட்டப் புத்தகத்தில் குற்றம் இல்லாவிட்டாலும் பொலிசும் ஊரும் வீடும் தண்டிக்கலாம் என்பதற்கு இந்த இரண்டு சம்பவங்களுமே சாட்சி.

ஜார்ரே செய்தி வந்து ஆறு கிழமைக்குள், 1980 டிசம்பர் 9ஆம் திகதி, பலெர்மோவில் ஒரு சங்கம் உருவானது. ஆர்ச்சி என்ற பெரிய பண்பாட்டு அமைப்பின் கீழ் வந்ததால் அதன் பெயர் ஆர்ச்சி கே. தொடங்கியவர்களில் முக்கியமானவர் தொன் மார்க்கோ பிஷெல்யா, ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1970களில் பங்கிலிருந்து விலக்கப்பட்டவர். பலெர்மோவைச் சேர்ந்த மாஸ்ஸிமோ மிலானியும் ஜீனோ கம்பனெல்லாவும், பின்னாளில் புல்யா மாநிலத்தின் தலைவரான நீக்கி வெந்தோலாவும் கூட இருந்தார்கள். 1985இல் அது பொலோஞ்ஞாவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய அமைப்பாக வளர்ந்தது. இன்று இத்தாலியில் தன்பாலீர்ப்பாளருக்கான மிகப் பெரிய அமைப்பு அதுதான். வட இத்தாலியர் எங்கள் நகரத்தைப் பின்தங்கியது என்று சொல்லும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர்கள் பெற்றோர். 1990களின் தொடக்கத்தில் மிலானில் பாவோலா தல்லோர்த்தோ என்ற தாய் அஜேதோ என்ற சங்கத்தைத் தொடங்கினார். தன்பாலீர்ப்பாளரின் பெற்றோர், உறவினர், நண்பர்களுக்கான சங்கம். பிள்ளை உண்மையைச் சொன்ன பிறகு பெற்றோருக்கும் ஒரு ஒளிவு வாழ்க்கை தொடங்கிவிடும். “மகனுக்கு எப்ப கலியாணம்?” என்று கோயிலில் கேட்டால் என்ன சொல்வது? தங்கச்சியிடம் சொல்வதா, மறைப்பதா? அந்தப் பாரத்தை இறக்கி வைக்க அவர்களுக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. இந்தப் பெற்றோர்களைப் பற்றி கிளவ்தியோ சிப்பெல்லெத்தி 2008இல் எடுத்த ஆவணப்படத்தின் பெயரைத் தமிழில் ‘இருமுறை பெற்றோர்’ என்று சொல்லலாம். பலெர்மோவிலும் அஜேதோவுக்குக் கிளை உண்டு.

இனிச் சட்டம். 2015 ஜூலையில் ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், தன்பாலினத் துணைகளுக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் கொடுக்காததற்காக இத்தாலியைக் கண்டித்தது. அடுத்த வருடம் 2016 மே 20ஆம் திகதியிட்ட 76ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதைத்தான் உனியோனே சிவிலே என்கிறோம். நகரசபையில் பதிவு, பரம்பரைச் சொத்து, துணை இறந்தால் ஓய்வூதியம், ஆஸ்பத்திரியில் உரிமை எல்லாம் அதில் வந்தன. நாடாளுமன்றத்தில் பெரிய சண்டை நடந்தது துணையின் பிள்ளையைத் தத்தெடுக்கலாமா என்பதைப் பற்றி. அந்தப் பகுதியை நீக்கித்தான் சட்டத்தை நிறைவேற்றினார்கள். பேரப்பிள்ளைகளைப் பற்றி அவ்வளவு சண்டை பிடித்த நேரத்தில், மாமியார் சத்தமில்லாமல் வெளியே விடப்பட்டார்.

எப்படி என்று சொல்கிறேன். இத்தாலியக் குடிமைச் சட்டத் தொகுப்பின் 78ஆம் பிரிவு, கலியாணத்தால் வரும் சம்பந்த உறவை வரையறுக்கிறது. கணவனுக்கு மனைவியின் உறவினரோடும், மனைவிக்குக் கணவனின் உறவினரோடும் உள்ள உறவு அது. துணை இறந்தாலும் அந்த உறவு முடிவதில்லை என்றும் சொல்கிறது. 433ஆம் பிரிவு வறுமைப்பட்டவரைத் தாங்க வேண்டியவர்களை வரிசைப்படுத்துகிறது: வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், பெற்றோர், அதற்குப் பிறகு மருமகனும் மருமகளும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் தொகுப்பின் பல பிரிவுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. 78ஆம் பிரிவைக் கூப்பிடவில்லை. கூப்பிடாத பிரிவு உனியோனே சிவிலேக்குப் பொருந்தாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே துணை உண்டு, துணையின் அம்மா சட்டப்படி மாமியார் இல்லை.

நான் கணினித்துறைக்காரன். ஒரு அட்டவணையை இன்னொன்றோடு இணைக்க மறந்தால் தரவு அங்கேயே இருக்கும், ஆனால் தேடினால் வராது. இதுவும் அப்படித்தான். மனுசி கட்டிலில் இருக்கிறார், மருமகன் பக்கத்தில் இருக்கிறார். அரசாங்கம் தேடினால் உறவு கிடைக்காது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். எங்கள் அம்மா அப்பாமார் செந்தோகுவாத்ரோ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1992ஆம் ஆண்டின் 104ஆம் இலக்கச் சட்டம் அது. கடுமையான இயலாமை உள்ள உறவினரைப் பராமரிக்கிறவருக்கு மாதத்தில் மூன்று நாள் சம்பளத்தோடு லீவு. பெற்றோருக்கு எடுக்கலாம், மாமன் மாமிக்கும் எடுக்கலாம். ஆனால் 2017 பெப்ரவரியில் இன்ப்ஸ் ஒரு சுற்றறிக்கை விட்டது: உனியோனே சிவிலே செய்தவர் தன் துணைக்காக இந்த லீவை எடுக்கலாம், துணையின் பெற்றோருக்காக எடுக்க முடியாது. காரணம், சம்பந்த உறவு இல்லை. ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒருவர் மனைவியின் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போக லீவு எடுப்பார். மற்றவர் அதே வேலைக்குத் தன் விடுமுறையைச் செலவழிப்பார்.

ஐந்து வருடம் அப்படிப் போனது. 2022 மார்ச் 7ஆம் திகதி இன்ப்ஸ் 36ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் தன் நிலைப்பாட்டை மாற்றியது. வேலையிடத்தில் பாகுபாடு கூடாது என்ற 2000ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய விதியின் கண்ணால் பார்த்தால், தனியார் துறையில் வேலை செய்யும் உனியோனே சிவிலேக்காரருக்கும் துணையின் உறவினரைப் பராமரிக்க இந்த லீவு கிடைக்க வேண்டும் என்றது. பதிவில்லாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கு, துணையைப் பார்க்க மட்டும்தான் அது உண்டு. 78ஆம் பிரிவை யாரும் திருத்தவில்லை. லீவுக்காக மட்டும் மாமியார் மாமியார் ஆனார்.

ஊர்வலம் இல்லை, கொடி இல்லை, ஒரு அலுவலகச் சுற்றறிக்கை. ஆனாலும் எனக்கு இது பெரிய விசயமாகத் தெரிகிறது. ஜார்ரேயில் குடும்பத்துக்கு அவமானம் என்று தள்ளப்பட்டவர்கள், அதே குடும்பத்தின் கிழவியைத் தூக்கி உட்கார வைக்கிறவர்கள் என்று நாற்பத்திரண்டு வருடம் கழித்து அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

இது வெள்ளைக்காரர் கதை என்று நினைக்காதீர்கள். இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கின. அவை பிரித்தானியர் விட்டுப்போனவை. 1995இல் செய்த திருத்தத்தில் பெண்களும் உள்ளே வந்தார்கள். இந்தக் குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. எங்கள் பெற்றோர் கொண்டுவந்த பயத்தில் ஒரு பங்கு அந்தப் புத்தகத்திலிருந்து வந்தது.

தமிழ்நாட்டில் 2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஒன்றாக வாழச் சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் காணவில்லை என்று பொலிசில் முறையிட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பெற்றோரையும் பிள்ளைகளையும் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். பிறகு தனக்கும் இது புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தானும் ஒரு ஆலோசகரிடம் போய் இருந்து கேட்டார். அதன் பின்தான் ஜூன் 7ஆம் திகதி உத்தரவு வந்தது: பொலிஸ் தொந்தரவு செய்யக் கூடாது, இவர்களை ‘மாற்றும்’ வைத்தியம் கூடாது. உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே எனக்குத் தெரியாது, படிக்கிறேன் என்று சொன்னால், எங்கள் அப்பாமாரும் சொல்லலாம்.

இதை உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் அம்மாமார் முப்பது நாற்பது வருடமாகப் பலெர்மோவின் கிழவிகளையும் கிழவர்களையும் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டியவர்கள். மற்றவர்களின் பெற்றோரைப் பார்த்தே அவர்களுக்கு வயது போய்விட்டது. இப்போது சாந்தா ரோசலியாவைக் கும்பிட மொந்தே பெல்லெக்ரீனோ ஏறும்போது பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களைப் பார்க்கிற முறை எங்களுடையது. எங்களிலும் தன்பாலீர்ப்பாளர் இருக்கிறார்கள். சிலர் லண்டனுக்கோ மிலானுக்கோ போய்விட்டார்கள். போனில் மட்டும் மகன், மகள். சிலர் தனிய வந்து போகிறார்கள், துணையைக் கீழே காரில் இருத்திவிட்டு. அம்மாவுக்கு விருப்பமில்லை என்று பிள்ளை நினைக்கிறது. பிள்ளை சொல்லவில்லை என்று அம்மா நினைக்கிறார். இரண்டு பக்கமும் காத்துக்கொண்டிருக்க, வயது மட்டும் காத்திருப்பதில்லை.

எல்லோரும் நாளைக்கே வீட்டில் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்வதால் வீட்டை இழந்தவர்கள் இருக்கிறார்கள்; எப்போது, யாரிடம் என்பதை அவரவர்தான் தீர்மானிக்க வேண்டும். நான் கேட்பது மற்றவர்களிடம். அண்ணா ஒரு ‘கூட்டாளி’யைக் கூட்டிக்கொண்டு வந்தால் அவருக்கும் கோப்பை எடுத்து வையுங்கள்.

எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிஞ்ஞோராவின் இடத்தில் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “அந்த மனுசன் கிழமைக்கு ஒருக்கா அவவுக்கு நகம் வெட்டிவிடும். மகள்காரி ஒருநாளும் வெட்டினதில்லை. எனக்கு எழுதத் தெரிஞ்சிருந்தா அந்த மதிலில நான் எழுதியிருப்பன்.”

என்ன எழுதியிருப்பீர்கள் என்று கேட்டேன். அவர் தினமும் வாசிக்கிற அந்த வரியைத்தான் சொன்னார்.