கழலைக்கு வந்த மருந்து

ஆல்ப்சு மலைப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த மக்களைப் பல நூற்றாண்டுகள் வாட்டிய நோய் முன்கழுத்துக் கழலை. கடற்பஞ்சைச் சுட்ட சாம்பலை அதற்கு மருந்தாக உண்டு வந்தனர். சாம்பலில் எப்பொருள் வேலை செய்கிறது என்பதை எவரும் அறிந்திலர்.

1811-இல் பிரான்சு நாட்டில் பெர்னார் குர்த்துவா வெடியுப்புத் தயாரிப்பில் ஈடுபட்டிருந்தார். நெப்போலியனின் போர்களுக்கு அது மிகத் தேவைப்பட்ட காலம். கடற்பாசிச் சாம்பலோடு கந்தக அமிலம் மிகுதியாகச் சேர, ஊதா நிற ஆவி எழுந்தது. அயோடின் இவ்வாறுதான் கண்டறியப்பட்டது.

ஜெனீவா மருத்துவர் குவாந்தே இவ்விரண்டையும் இணைத்து நோக்கினார். பஞ்சுச் சாம்பலின் ஆற்றல் அயோடினுடையதே என ஊகித்து, அதை ஆல்கஹாலில் கரைத்து, வேளைக்குப் பத்துத் துளியாக நாளுக்கு மூன்று வேளை கொடுத்தார். கழலைகள் சுருங்கின. 1820-இல் அவர் இதனை அறிஞர் அவையில் அறிவிக்கவே, செய்தி காட்டுத்தீயெனப் பரவிற்று.

வினையும் அங்கேதான் தொடங்கியது. மருத்துவரைக் கேளாமலே மக்கள் மருந்துக் கடைகளில் வாங்கி அருந்தலாயினர். சிலருக்கு நெஞ்சு படபடத்தது; கை நடுங்கிற்று; உடல் மெலிந்தது. பழி குவாந்தேயின் மேல் விழுந்தது. மருத்துவர் சீட்டின்றி இதனை விற்கலாகாது என அவர் வற்புறுத்த வேண்டியதாயிற்று. நம் வீடுகளிலும் அடுத்த வீட்டார் சொன்ன மருந்தை வாங்கி உண்ணும் வழக்கம் இல்லையா என்ன!

நெடுங்காலம் அயோடினுக்கு ஏங்கிக் கிடந்த கழலையுள் சில முடிச்சுகள் கட்டுப்பாடின்றி இயங்கும். அவற்றுக்குத் திடீரெனப் பெருமளவு அயோடின் கிடைத்தால், தைராய்டு நீர் வரம்பு மீறிச் சுரக்கும். இவ்விளக்கம் பிற்காலத்தில் கிடைத்தது. வளர்ந்த ஒருவருக்கு நாள்தோறும் வேண்டுவது 150 மைக்ரோகிராம் அளவே; குவாந்தே கொடுத்ததோ அதைப்போல் பல நூறு மடங்கு! மருந்து பொய்யன்று, அளவே பிழை என்பது நம் கருத்து. ஆனால் அன்று அளவோடு மருந்தும் ஐயத்துக்குள்ளாயிற்று. இழந்த காலம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு.

1918-இல் அதே சுவிட்சர்லாந்தில் பயார்டு என்னும் நாட்டுப்புற மருத்துவர், கிரெக்கென் என்ற மலையூர்க் குடும்பங்களுக்கு அயோடின் கலந்த சமையல் உப்பை வெவ்வேறு அளவுகளில் கொடுத்துப் பார்த்தார். மிகச் சிறிய அளவும் பலன் தந்தது. 1922-இல் எக்கன்பெர்கர் என்னும் அறுவை மருத்துவரின் முயற்சியால் அப்பென்செல் மாநிலத்துக் கடைகளில் அவ்வுப்பு விற்பனைக்கு வந்தது.