இல்லம் என்னும் முதற்பள்ளி: வடசென்னைத் திருச்சபைக்கு ஒரு வரலாற்று நோக்கு

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் வழக்கம் அமெரிக்கக் கிறிஸ்தவர் பலரிடையே வேரூன்றியுள்ளது. நம் நாட்டு நகரங்களிலும் சில விசுவாசக் குடும்பங்கள் அதனை நாடுகின்றன. இவ்வழக்கத்தில் கடுமையானதும் உண்டு, மென்மையானதும் உண்டு. அச்சமும் போட்டியும் இன்றி, வாழ்வின் அன்றாட நடையிலேயே பிள்ளையைத் தேவபக்தியிலும் அறிவிலும் வளர்ப்பது மென்மையான நெறி. இந்நெறியினர் பெரும்பாலும் சார்லட் மேசன் என்னும் ஆங்கிலேய அம்மையாரைத் தம் வழிகாட்டியாகக் கொள்வர். இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஊழியம் செய்யும் ஆயர் இந்நெறியை எவ்வாறு மதிப்பிட வேண்டும்? இவ்வினாவிற்கு விடை காண நம் திருச்சபையின் வரலாற்றையே முதலில் நோக்குவோம்.

1. குடும்பத் தலைவனுக்கு எழுதப்பட்ட நூல்

இல்லத்தில் போதித்தல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. உபாகமம் ஆறாம் அதிகாரம் தேவ கட்டளைகளைப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் இடமாக வீட்டையும் வழியையும், வேளையாகப் படுக்கையையும் எழுச்சியையும் குறிக்கிறது. அங்கே பள்ளிக்கூடம் என்னும் சொல்லே இல்லை. தீமோத்தேயுவின் விசுவாசத்திற்குப் பவுல் காட்டும் மூலம் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளுமே.

1529ஆம் ஆண்டில் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் இவ்வழியிலே வந்தது. குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டும் என்னும் நோக்கம் அதன் தலைப்புகளிலேயே காணப்படுகிறது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் அந்நூலைத் தமிழாக்கினார். ஆயினும் தமிழ் மண்ணில் அது குடும்பத் தலைவன் கையில் தங்கியதைவிட உபதேசியார் கையிலும் பள்ளி ஆசிரியர் கையிலுமே மிகுதியும் தங்கியது. இதற்குக் காரணம் உண்டு. எழுத்தறிவு மறுக்கப்பட்ட குடும்பங்களிலிருந்தே சபையில் சேர்ந்தோர் பலர். தந்தையே வாசிக்க அறியாதபோது வாசிக்க அறிந்தவரே போதிக்க வேண்டியவரானார்.

2. பள்ளி இல்லத்தின் இடத்தைப் பெற்றது

சென்னை நகரம் உலகிற்கே ஒரு பள்ளி முறையைக் கொடுத்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். எழும்பூரில் படைவீரரின் ஆண் பிள்ளைகளுக்கென 1789இல் ஏற்பட்ட அநாதை இல்லத்தை ஆண்ட்ரூ பெல் என்னும் குருவானவர் நடத்தினார். உள்ளூர்ச் சிறுவர் மணலில் எழுதிக் கற்பதை அவர் கண்டார். அதனைக் கைக்கொண்டு, மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் ஒழுங்கையும் அமைத்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே இது ‘சென்னை முறை’ என்னும் பெயருடன் பரவியது. சிறு செலவில் பெருந்திரளான ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு அளித்தது இதன் நன்மை. பிள்ளை ஒரு வரிசையில் ஓர் எண்ணாக நிற்க நேர்ந்தது இதன் குறை.

1837இல் சென்னை வந்த ஸ்காட்லாந்து மிஷனெரி ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியே பிற்காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1841இல் அப்பள்ளி மாணவர் இராஜகோபாலும் வெங்கடராமையாவும் திருமுழுக்குப் பெற்றபோது மற்ற மாணவர் பலர் பள்ளியைவிட்டு நீங்கினர். திருமுழுக்குப் பெற்றவருக்குத் தம் பிறந்த வீட்டின் கதவு மூடப்பட்டது. மிஷன் வீடே அவர்களுக்கு வீடாயிற்று. இந்த ஸ்காட்லாந்துப் பணியே இராயபுரத்திலும் கிளைவிட்டது. அங்குள்ள நார்த்விக் பெண்கள் பள்ளியும், 1888இல் சென்னை வந்த மருத்துவர் மட்டில்டா மக்பேல் அம்மையாரின் பணியிலிருந்து வளர்ந்த ரெய்னி மருத்துவமனையும் அதற்குச் சான்று.

வீட்டை இழந்த பிள்ளைக்கு விடுதியே வீடாவது அன்று தவிர்க்க இயலாத தேவை. ஆனால் ஒரு தலைமுறையின் தேவை அடுத்த தலைமுறையின் வழக்கமாயிற்று. பெற்றோர் இருவரும் கிறிஸ்தவராய் உள்ள வீடுகளிலும் விசுவாசத்தைக் கற்பிப்பது விடுதியின் வேலை, ஞாயிறு பள்ளியின் வேலை, உபதேசியாரின் வேலை என்னும் எண்ணம் நிலைபெற்றது. நம் சபைகளில் பெற்றோர் இன்று மௌனமாயிருப்பதன் வேர் இங்கேயே உள்ளது என நாம் கருதுகிறோம்.

3. அன்னாளும் கிருபாபாயும்

எனினும் அக்காலத்துச் சென்னையிலேயே மாற்றுக் குரல் ஒன்று எழுந்தது. சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தில் ஊழியம் செய்த வில்லியம் தாமஸ் சத்தியநாதன் ஐயரின் மனைவி அன்னாள், திருநெல்வேலி நாட்டில் பேர்பெற்ற ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். வீட்டைவிட்டு வெளியே வரலாகாத இந்துப் பெண்களிடம் அவர் வீடு வீடாகச் சென்று கற்பித்தார். மாணவி பள்ளிக்கு வர இயலாதபோது பள்ளி அவள் வீட்டிற்குச் சென்றது. அவர் தாய்மாருக்கெனத் தமிழில் ‘நல்ல தாய்’ என்னும் நூலையும் எழுதினார். பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பெண் தமிழ்த் தாய்மாருக்கு எழுதினார் என்பது நம் சபை வரலாற்றில் குறித்துவைக்கத் தக்கது. 1890இல் அவர் மறைந்தார்.

அவருடைய மருமகள் கிருபாபாய் 1862இல் அகமதுநகரில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்த அவருக்கு மூத்த சகோதரர் பாஸ்கரே ஆசிரியரானார். சகோதரருடன் வாசித்ததும், மலைவெளியில் உலவிப் படைப்பைக் குறித்தும் படைத்தவரைக் குறித்தும் உரையாடியதும் ‘சகுணா’ என்னும் அவருடைய தன்வரலாற்று நாவலில் இடம்பெறுகின்றன. 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர வந்தபோது அவர் தங்கியது சத்தியநாதன் குடும்பத்தாரின் இல்லத்தில். ‘சகுணா’ 1887, 1888 ஆண்டுகளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் இதழில் தொடராக வந்தது. சார்லட் மேசனின் ‘இல்லக் கல்வி’ நூல் இங்கிலாந்தில் வெளிவந்தது 1886இல். ஏறத்தாழ ஒரே வேளையில் இரு நாடுகளில் இரு பெண்கள் ஒரே உண்மையைத் தொட்டனர். அன்புள்ள ஒருவர், நல்ல நூல்கள், திறந்த வெளி ஆகிய இம்மூன்றும் கூடினால் கல்வி நிகழும் என்பதே அது.

4. மேசனின் நெறியும் அதன் எல்லையும்

1842இல் பிறந்து 1923இல் மறைந்த மேசனின் அடிப்படைக் கொள்கை இறையியல் சார்ந்தது. பிள்ளை பின்னொரு நாளில் மனிதனாகப் போகும் களிமண் அன்று. பிறக்கும்போதே தேவசாயல் பெற்ற ஆள். ஆகவே அச்சுறுத்தியோ, பரிசு காட்டியோ, பெற்றோரின் அன்பையே பேரமாக்கியோ பிள்ளையை இயக்குவது அவனை அவமதிப்பதாகும். இக்காரணத்தால் அவர் மூன்று கருவிகளையே ஏற்றார்: இல்லத்தின் இயல்பான சூழல், பொறுமையுடன் ஊன்றப்படும் நற்பழக்கம், உயிருள்ள கருத்துகள்.

நடைமுறையும் எளியதே. சிறுவர் பாடங்கள் குறுகியவை. இருபது நிமிடத்திற்கு மேற்படா. சுருக்கக் குறிப்புகளுக்கு மாறாக, தம் பொருளை நேசித்தோர் எழுதிய முழு நூல்கள். ஒருமுறை வாசிக்கக் கேட்டபின் பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். நாள்தோறும் வெளியே சென்று மரத்தையும் பறவையையும் பார்க்க வேண்டும்.

இந்நெறி முதலில் ஓய்வும் நூலும் உள்ள நடுத்தர வகுப்பினரின் வீடுகளில் வளர்ந்தது என்பதை மறைக்கலாகாது. ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. 1914இல் யார்க்ஷயரின் டிரிக்லிங்டன் என்னும் சுரங்கத் தொழிலாளர் சிற்றூரின் பொதுப்பள்ளி அதனை ஏற்றது. நிலக்கரி தோண்டுவோரின் பிள்ளைகளும் பெரும் இலக்கியங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லினர். 1984இல் சூசன் ஷேஃபர் மெக்காலே எழுதிய நூல் மேசனை அமெரிக்கக் கிறிஸ்தவருக்கு மீண்டும் அறிமுகப்படுத்தியது. அங்கே பல குடும்பங்களில் இந்நெறி பள்ளியைவிட்டு விலகுவதோடு இணைந்தது. டிரிக்லிங்டனோ பள்ளிக்குள்ளேயே இதனைக் கைக்கொண்டது. நமக்கு எது பொருந்தும்?

5. துறைமுகக் கரையில்

1856இல் இராயபுரத்திலிருந்து முதல் இரயில் புறப்பட்டது. 1870களில் துறைமுகப் பணி தொடங்கியது. விடுதலைக்குப் பின் எண்ணூரில் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் என்ஃபீல்டும், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தன. தொழிற்சாலைச் சங்கொலி இல்லத்தின் காலத்தையும் வகுத்தது. இரவு ஷிப்டு முடித்த தந்தை பகலில் உறங்குவார். ஒரே அறையில் ஐவர் வாழ்வர். காசிமேட்டில் மீன் எடுக்கும் தாய் விடியுமுன் புறப்படுவாள். இத்தகைய வீட்டாரிடம் பள்ளியைவிட்டு விலகுங்கள் என்பது அறியாமை. அதனினும் கொடிது, அநீதி.

இந்நிலத்தில் பள்ளி என்பது என்ன என்பதை ஆயர் நினைவிற்கொள்ள வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்டோருக்குத் திறந்த வாசல் அது. வேற்றுச் சாதிப் பிள்ளையோடு ஒரே பலகையில் அமரும் இடம் அது. 1920இல் வடசென்னையைச் சேர்ந்த தியாகராயச் செட்டியார் தலைமையிலான சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கியது முதல், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வரை, பசியாற்றும் இடமும் அதுவே. 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியைப் பிள்ளையின் உரிமையாக்கியது. 2020இல் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசியும் தனியிடமும் இல்லாத பிள்ளைகள் இழந்தது எவ்வளவு என்பதை நாம் கண்டோம்.

ஆயினும் இவ்வீடுகளில் கல்வி இல்லை என்பதும் பிழை. வலை பின்னவும், காற்றையும் நீரோட்டத்தையும் அறியவும், மீனின் பருவத்தைக் கணிக்கவும் மீனவச் சிறுவன் தந்தையிடமே கற்கிறான்; பார்த்தும், செய்தும், திருப்பிச் சொல்லியும் கற்கிறான். சபை இதனைக் கல்வியென மதித்ததில்லை. மேசனின் நெறி அதனை மதிக்க நமக்குக் கற்பிக்கிறது. படைப்பைப் பார்த்தல் என்பதும் இங்கே வேறு ஆழம் பெறுகிறது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி அலையாத்தி மரங்களிலும் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. தந்தையோடு அக்கரையில் நிற்கும் பிள்ளை படைப்பின் அழகை மட்டுமன்று, அதன் பெருமூச்சையும் கற்கிறது. ரோமர் எட்டாம் அதிகாரத்தை விளக்க இதனினும் சிறந்த பாடம் வேண்டுவதில்லை.

6. ஆயரின் பணி

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, திருமுழுக்கில் பெற்றோர் செய்யும் வாக்குறுதியை ஞாயிறு பள்ளி ஒருபோதும் ஈடுசெய்யாது. ஆயர் வீடு சந்திக்கையில் தாமே ஜெபித்து எழுந்துவிடாமல், தந்தையோ தாயோ ஒரு வேதப் பகுதியை வாசித்துப் பிள்ளையைத் திருப்பிச் சொல்லக் கேட்பதற்குத் துணைநிற்க வேண்டும். வாசிக்க அறியாத தாய்க்குப் பிள்ளையே வாசிக்கட்டும். தாய் கேட்பதே போதனையாகும். ஷிப்டு வேலை உள்ள வீட்டில் குடும்ப ஜெபத்தின் நேரம் வாரந்தோறும் மாறலாம். பத்து நிமிடம் போதும். நெடுமையைவிட நிலைமையே மேல்.

இரண்டாவது, இப்பணியைத் தாயின் தலையிலேயே சுமத்தலாகாது. லூத்தர் குடும்பத் தலைவனையே நினைந்தார். பிள்ளைகளைக் கோபப்படுத்த வேண்டாம் எனப் பவுல் எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதியதும் தந்தையருக்கே. குடியும் பிரம்பும் ஆளும் வீட்டில் மென்மை என்பது வெறும் கல்வி முறையன்று, மனந்திரும்புதல்.

மூன்றாவது, இல்லத்தில் இடமற்ற பிள்ளைக்கு ஆலயத்தின் மண்டபம் மாலையில் இல்லமாகட்டும். 2021இல் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டத்தைத் தொடங்கித் தன்னார்வலரைப் பிள்ளைகளின் குடியிருப்புகளுக்கே அனுப்பியது. அன்னாள் சத்தியநாதன் நடந்த வழி அதுவன்றோ? அவ்வழியில் திருச்சபை பின்தங்கலாகாது.

இல்லக் கல்வி என்பது பிள்ளைகளை உலகத்தினின்று மறைத்துக்கொள்ளும் வேலியன்று. ஓய்வும் நூலும் பெற்ற குடும்பம் தன் பிள்ளைக்கு வாசிக்கும்போது கதவைத் திறந்துவைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் பாயில் அமர்த்திக்கொள்ளட்டும். அப்போதே அது கிறிஸ்தவ இல்லக் கல்வி என்னும் பெயருக்கு உரியதாகும்.