உருகும் கண்ணாடி, கரையும் கண்ணாடி

கண்ணாடி தண்ணீரில் கரையுமா? "தம்ளரே கரைஞ்சு போச்சுன்னா தண்ணிய எதுல குடிக்கிறது?"ன்னு கேட்பீங்க :-) ஆனால் அப்படிக் கரைகிற கண்ணாடி 1833-லேயே இருந்தது.

ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் கிரஹாம். பாஸ்பேட் உப்புகளை அந்த வருஷம் விலாவாரியாக ஆராய்ந்தவர். சோடியம் பாஸ்பேட்டை உருக்கிச் சட்டென்று குளிரவைத்தால் தெளிந்த கண்ணாடி கிடைக்கும். அதற்கு இன்றைக்கும் 'கிரஹாம் உப்பு' என்றுதான் பெயர். சுமார் 630 டிகிரியில் உருகிவிடும் (எல்லாமே செல்சியஸ்). ஜன்னல் கண்ணாடிக்கு உலை 1500 டிகிரி வாக்கில் எரியணும். சுத்தமான சிலிக்கா என்றால் 1700. எவ்வளவு மிச்சம் பாருங்க! ஒரே குறை, தண்ணீர் பட்டால் போச்சு.

ஏன் இப்படி? சாதாரணக் கண்ணாடியில் சிலிக்கன் அணு நாலு பக்கமும் கை கோர்க்கும், மீன்வலை மாதிரி. பாஸ்பரசைச் சுற்றியும் நாலு ஆக்சிஜன்தான். ஆனால் அதில் ஒன்று இரட்டைப் பிணைப்பில் பாஸ்பரசோடே ஒட்டிக்கொண்டு வேறு யாருக்கும் கை கொடுக்காது. கூடவே சோடியமும் சேர்ந்தால் வலை போய் வெறும் சரங்களாகிவிடும். வலையைக் குலைக்க நிறைய சூடு வேணும். சரங்களோ கொஞ்ச சூட்டிலேயே ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். தண்ணீரும் சுலபமாக உள்ளே புகுந்து வெட்டிவிடும். ஆக, வரமும் சாபமும் ஒரே இடத்திலிருந்துதான் வருது. இந்தக் கதையின் முடிச்சே இதுதான்.

முதலில் மாட்டிக்கொண்டவர் ஜெர்மனியின் ஓட்டோ ஷாட். ஏர்ன்ஸ்ட் ஆபேயோடு சேர்ந்து 1884-ல் யேனா நகரில் கண்ணாடிக்கூடம் ஆரம்பித்தார். 1886-ல் வந்த அவர்களுடைய முதல் விலைப்பட்டியலில் 44 வகை லென்ஸ் கண்ணாடிகள். பாஸ்பேட் வகைகளும் அதில் உண்டு. ஒளியை வளைக்கும் குணத்தில் அருமை. ஆனால் காற்றிலிருக்கும் ஈரமே போதும், பளபளப்பு மங்கிவிடும். கடைசியில் பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டியதாயிற்று. ஷாட் மாதிரி ஆளுக்கே இந்தக் கதி!

1941-ல் அமெரிக்காவில் கிரைடல், வைல் என்ற இருவர் பாஸ்பேட் கண்ணாடிகளை மறுபடி கையிலெடுத்தார்கள். அலுமினா சேர்த்தால் சரங்களுக்குக் குறுக்கே முடிச்சு விழும், கண்ணாடி ஈரத்தைத் தாங்கும். ஆனால் முடிச்சு இறுக இறுக உருகும் வெப்பமும் ஏறும். இந்தக் கையில் கொடுத்ததை அந்தக் கையில் பிடுங்கிக்கொண்ட கதை.

ரெண்டையும் ஒருசேரச் சாதித்தது கார்னிங் கம்பெனியின் டிக். 1984-ல் வெளிவந்த அவரது கட்டுரையில் வெள்ளீயம், ஃப்ளூரின், பாஸ்பேட், கூடவே கொஞ்சம் ஈயம் என்று ஒரு சேர்மானம். சுமார் 100 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், தண்ணீரையும் ஓரளவு நன்றாகவே தாங்கும்! சாதாரண உலையில் கருகிவிடும் கரிமச் சாயங்களைக்கூட இதற்குள் கலக்க முடிந்தது. ஈயம் நஞ்சாச்சேன்னு கேட்டால், நியாயம்தான். அதனால்தான் மின்னணுப் பொருட்களை அடைத்து ஒட்டும் வேலைக்கு ஈயமில்லாத வெள்ளீய-துத்தநாக பாஸ்பேட் கண்ணாடிகளைத் தேடிப் போனார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான். கரைவதைத் தடுக்கத்தான் இத்தனை பாடு என்றால், கரையட்டும் என்றே விட்டவர்களும் உண்டு. பிரிட்டனில் தாமிரம், கோபால்ட், செலினியம் கலந்த பாஸ்பேட் கண்ணாடி உருண்டையை ஆடு மாடுகளுக்கு விழுங்கக் கொடுக்கிறார்கள். வயிற்றில் கிடந்து சுமார் ஆறு மாசம் மெல்ல மெல்லக் கரைந்து சத்துகளைக் கொடுக்கும். சேர்மானத்தை மாற்றினால் கரையும் வேகமும் மாறும். ஷாட்டின் காலை வாரிய அதே குணம், இங்கே மருந்து!

ஒரு பொருளின் குறை எது, குணம் எதுன்னு அந்தப் பொருள் சொல்வதில்லை. அதைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறோமோ, அந்த இடம்தான் சொல்லுது. நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?