படிப்பை விட்டவர்களுக்கான கல்லூரியும் அதை நடத்துபவர்களின் டாக்டர் பட்டமும்

என் பழைய மாணவர்களுக்கும் உறவினர்களுக்கும் திருவாலங்காட்டிலிருந்து எழுதுகிறேன். இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து, ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

உங்களில் பலர் இப்போது பாலிடெக்னிக்கிலும் கலைக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் பாடம் எடுக்கிறீர்கள். சிலர் பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருக்கிறீர்கள். போனில் பேசும்போதெல்லாம், "டீச்சர், நல்ல தலைப்பாக ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்கிறீர்கள். நான் படித்தது இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ. டாக்டர் பட்டத்துக்குத் தலைப்பு கொடுக்கும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு படித்ததில், ஆசிரியர்கள் எதற்காக டாக்டர் பட்டம் வாங்கப் போனார்கள் என்ற வரலாறு என்னை மிகவும் கவர்ந்தது. அதைச் சொல்கிறேன். தலைப்பை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சமுதாயக் கல்லூரி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வயது, மதிப்பெண் பார்த்து வாசலில் நிறுத்தாமல், அந்த வட்டாரத்துக்கு வேண்டிய தொழிலையும் படிப்பையும் குறைந்த செலவில் சொல்லிக்கொடுக்கும் இடம். பத்தாவதோடு நின்றவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு படிக்க நினைக்கும் பெண்கள், வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டியவர்கள் எல்லாம் அங்கே வரலாம்.

அமெரிக்காவில் இது 1901ல் தொடங்கியது. இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊர். அங்கே பள்ளிகளைக் கவனித்துவந்த ஸ்டான்லி பிரவுனும், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் பேசி வைத்து, உயர்நிலைப் பள்ளியோடு சேர்த்தே கல்லூரியின் முதல் இரண்டு வருடப் படிப்பை நடத்தினார்கள். முதல் வருடம் மாணவர்கள் ஆறே பேர். அப்போது அதற்கு ஜூனியர் காலேஜ் என்று பெயர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவ வீரர்கள் ஊர் திரும்பியபோது, அவர்கள் படிக்க அரசு பணம் கொடுத்தது. 1947ல் ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த குழு, இப்படிப்பட்ட கல்லூரிகளை நாடெங்கும் பரப்ப வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயர் பரவலானது அந்த அறிக்கைக்குப் பிறகுதான். 1960களில் அங்கே கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒரு கல்லூரி திறந்தார்கள்.

கட்டடம் கட்டிவிடலாம். முதல்வராக யாரை உட்கார வைப்பது? பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவருக்கு கல்லூரி தெரியாது. பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு, பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் தூக்கக் கலக்கத்தோடு வந்து உட்காரும் மாணவரைத் தெரியாது. டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1944லேயே இதற்காக ஒரு முனைவர் படிப்பைத் தொடங்கியிருந்தது. 1960ல் கெல்லாக் அறக்கட்டளை கலிபோர்னியா, டெக்சாஸ், மிச்சிகன் உள்ளிட்ட பல இடங்களில் இருந்த பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்து, இந்தக் கல்லூரிகளின் தலைவர்களை உருவாக்கும் படிப்புகளை வளர்த்தது. உங்கள் பிள்ளைகள் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் கார்ன் ஃபிளேக்ஸ் பெட்டியில் இருக்கும் அதே கெல்லாக்தான்.

இந்தப் படிப்பு வளர்ந்த விதத்தைக் கவனியுங்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களை ஒரு அணியாகச் சேர்ப்பார்கள். மாலையிலும் வார இறுதியிலும் வகுப்பு. வரவு செலவு, சட்டம், உள்ளூர்த் தொழிற்சாலைகளோடும் மக்களோடும் பேசும் முறை, மாணவர் ஏன் பாதியில் நிற்கிறார் என்ற கேள்வி, இவைதான் பாடம். ஆய்வும் பெரும்பாலும் தங்கள் கல்லூரியில் கண்ட சிக்கலைப் பற்றியே இருக்கும். 2005ல் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் சங்கம், ஒரு முதல்வருக்கு இருக்க வேண்டிய திறமைகள் என்று ஆறு தலைப்புகளில் ஒரு பட்டியலே வெளியிட்டது.

இதற்கு நீங்கள் எல்லோரும் அறிந்த ஒரு உதாரணம் ஜில் பைடன். அரசியலை விடுங்கள், அவர் ஒரு டீச்சர். டெலவேரில் ஒரு சமுதாயக் கல்லூரியில் பல வருடம் ஆங்கிலம் நடத்தியவர். 2007ல், 55 வயதில், டெலவேர் பல்கலைக்கழகத்தில் கல்வித் தலைமையில் டாக்டர் பட்டம் வாங்கினார். சமுதாயக் கல்லூரிக்கு வரும் மாணவர்களைப் பாதியில் போகவிடாமல் எப்படித் தக்கவைப்பது என்பதே அவருடைய ஆய்வு. கணவர் துணை ஜனாதிபதியாக இருந்தபோதும், பிறகு ஜனாதிபதியாக இருந்தபோதும் வடக்கு வர்ஜீனியா சமுதாயக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே இருந்தார். 2020 டிசம்பரில் அங்கே ஒரு பெரிய நாளிதழில் ஒருவர், பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்வதை விட்டுவிடுங்கள் என்று அவருக்குப் புத்தி சொல்லி எழுதினார். பெரிய சண்டையாகிவிட்டது. எனக்கு அதைப் படித்தபோது, மருத்துவர் மட்டும்தான் டாக்டரா என்பதைவிட, வகுப்பறையை ஆராய்ந்து வாங்கிய பட்டம் என்றால் ஏன் இவ்வளவு இளக்காரம் என்றுதான் தோன்றியது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இதில் நம் பக்கத்து ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. திருத்தணியில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948ல் பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் அமைந்தது. 1949 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. ட்ரூமன் குழு அங்கே அறிக்கை கொடுத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் ஜாகிர் உசேனும் அதில் உறுப்பினர்கள். ஆர்தர் மார்கன் என்ற அமெரிக்கரும் இருந்தார். அவர் ஒரு பொறியாளர். கொஞ்ச காலம் படிப்பு, கொஞ்ச காலம் வேலை என்று மாற்றி மாற்றி நடத்திய ஆண்டியாக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். கிராமத்துப் பிள்ளைகளுக்கு கிராமத்திலேயே, கைவேலையும் படிப்பும் சேர்ந்த உயர்கல்வி வேண்டும் என்று ஆணையம் சொன்னது. அவர்கள் அங்கே யோசித்ததைப் போன்ற ஒன்றை அதே காலத்தில் நாமும் யோசித்திருக்கிறோம்.

1956ல் கிராமிய உயர்கல்வி நிறுவனங்கள் தொடங்கின. நம் மாநிலத்தில் காந்திகிராமமும், கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயாவும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனால் அங்கே கொடுத்த டிப்ளமோவை பட்டத்துக்குச் சமமாக ஏற்றுக்கொள்ள வெளியில் இருந்தவர்கள் தயங்கினார்கள். காந்திகிராமம் 1976ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அது நல்லதுதான். ஆனால் டிப்ளமோவுக்கு மரியாதை தேட வேண்டுமென்றால் பல்கலைக்கழகமாக மாறித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை இருந்ததையும் அது காட்டுகிறது.

சமுதாயக் கல்லூரி என்ற பெயரோடே நம் நாட்டில் முதலில் வந்தது 1995ல், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழ். அடுத்த ஆண்டு, 1996ல், சென்னை மயிலை உயர் மறைமாவட்டம் மெட்ராஸ் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. இந்த இயக்கத்தைத் தோளில் சுமந்தவர் சென்னை லயோலா கல்லூரியின் முதல்வராக இருந்த சேசு சபைத் தந்தை சேவியர் அல்போன்ஸ். 1999ல் சென்னையில் சமுதாயக் கல்விக்கான ஆராய்ச்சி, வளர்ச்சி மையம் ஒன்று அவர் பொறுப்பில் ஏற்பட்டது. புதிதாகக் கல்லூரி தொடங்க வருபவர்களுக்கு வழி காட்டுவதும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அதன் வேலை.

அங்கே வகுத்த பாடமுறை எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் வாழ்க்கைத் திறன். அதாவது கூச்சமில்லாமல் பேசுவது, ஒரு விண்ணப்பத்தைத் தானே எழுதுவது, தன்மேல் நம்பிக்கை வைப்பது. அடுத்து தொழில் திறன். அதன் பிறகு உண்மையான வேலை இடத்தில் பயிற்சி. கடைசியில் வேலைக்குத் தயார்ப்படுத்தல். பள்ளியில் தோற்ற பிள்ளைக்குத் தொழிலை முதலில் கற்றுக்கொடுத்தால் நிற்காது, தைரியத்தை முதலில் கொடுக்க வேண்டும் என்று புரிந்தவர்கள் வகுத்த வரிசை இது.

பிறகு அரசுத் திட்டங்கள் வந்தன. 2002ல் உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது. 2009ல் இக்னோ நாடெங்கும் நூற்றுக்கணக்கான சமுதாயக் கல்லூரிகளைப் பதிவு செய்தது. சில ஆண்டுகளிலேயே அந்தத் திட்டம் நின்றுபோனது. 2013ல் பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்கெனவே இருக்கும் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரி நடத்த நிதி கொடுத்தது.

இங்கேதான் நாம் சறுக்குகிறோம். அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிக்கு ஒரு முழுநேரத் தலைவர் உண்டு, அவரைத் தயார் செய்ய ஒரு டாக்டர் படிப்பும் உண்டு. நம்மிடம் பெரும்பாலும் ஏதோ ஒரு துறையில் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கு 'நோடல் அதிகாரி' என்று கூடுதல் பொறுப்பு கொடுக்கிறார்கள். அவரும் பாவம், தன் வகுப்பு, தேர்வுப் பணி எல்லாம் போக மிச்ச நேரத்தில் இதைப் பார்க்கிறார். திட்டம் முடிந்து பணம் நின்றால், அவர் கற்றுக்கொண்டதும் அதோடு போய்விடுகிறது. அடுத்த திட்டம் வரும்போது அடுத்தவர் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்குகிறார். நல்ல யோசனைக்கு நம் நாட்டில் என்றுமே பஞ்சமில்லை. அதை நடத்தத் தெரிந்தவர்களை உருவாக்கி, அவர்கள் அனுபவத்தை எழுதிவைத்து அடுத்தவர் கையில் கொடுக்கும் ஏற்பாட்டுக்குத்தான் பஞ்சம். டாக்டர் பட்ட ஆய்வு என்பது அந்த ஏற்பாடாக இருந்திருக்க வேண்டும்.

கல்வி நிர்வாகம் படிக்க நம்மிடம் இடமே இல்லை என்று சொல்லவில்லை. 1962ல் யுனெஸ்கோ உதவியோடு டெல்லியில் தொடங்கிய மையம் வளர்ந்து, 2006ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆகி, இன்று நீபா என்ற பெயரில் இருக்கிறது. அங்கே பிஎச்.டி. உண்டு. சென்னையில் 2008ல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் இருக்கிறது. சமுதாயக் கல்லூரித் தலைமை என்று தனிப் படிப்பு வேரூன்றவில்லையே தவிர, கல்வியியலில் பிஎச்.டி. செய்பவர் இதை எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

வேலையில் இருப்பவர்களுக்கு 2022ம் ஆண்டு விதிகள் ஓரளவு உதவியாக இருக்கின்றன. நிர்வாகத்தின் தடையில்லாச் சான்றோடு பகுதி நேரமாகச் செய்யலாம். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. இன்னொன்று. பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் ஆக பிஎச்.டி. கட்டாயம் என்று 2018ல் சொன்னார்கள், தள்ளிவைத்தார்கள், 2023ல் நெட், செட் தேர்ச்சியே போதும் என்று மாற்றினார்கள். நடுவில் எத்தனை பேர் கட்டாயத்துக்காக ஓடிப்போய்ப் பதிவு செய்தார்கள்! விதிக்காக மட்டும் படித்தால் விதி மாறும்போது படிப்பும் அர்த்தமில்லாததாகத் தோன்றும். உங்களுடைய ஒரு கேள்விக்காகப் படித்தால் அந்தக் கஷ்டம் இல்லை.

கேள்விகள் நம் மாவட்டத்திலேயே கொட்டிக் கிடக்கின்றன. திருவாலங்காட்டு ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர், திருப்பெரும்புதூர் கம்பெனி பஸ்களில் ஏறும் பெண்களைப் பாருங்கள். ஷிப்ட் வாராவாரம் மாறும் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி மாலை வகுப்புக்கு எப்படி வருவார்? எந்த மாதத்தில் வகுப்பு காலியாகிறது, ஏன்? பயிற்சிக்கு வரும் பிள்ளையை கம்பெனி தொழில் கற்பிக்கிறதா, கூலி ஆளாகப் பயன்படுத்துகிறதா? 1960 வரை திருத்தணி வட்டாரம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. அந்தப் பிள்ளைகளுக்கு தொழில் பாடத்தை எந்த மொழியில் தொடங்குவது? இதில் ஒன்றை எடுத்து, ஐந்து வருடம் உண்மையாக உழைத்து விடை கண்டுபிடித்தால், உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காருபவர் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் ஒரு மருமகளோ மகளோ நாற்பது வயதுக்கு மேல் பிஎச்.டி. செய்கிறாள் என்றால், "இந்த வயசுல எதுக்கும்மா" என்று கேட்காதீர்கள். 55 வயதில் முடித்தவர் கதையை மேலே சொல்லியிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள் சமையலை நீங்கள் பார்த்துக்கொண்டால் அவளுக்கு அதுவே பெரிய உதவித்தொகை.

ஆய்வு செய்யும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டை எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதுங்கள். முடித்ததும் நாலு பக்கத்தில், ஒரு பிளஸ் டூ பெண்ணுக்கும் அவள் அப்பாவுக்கும் புரிகிற தமிழில், என்ன கண்டுபிடித்தீர்கள் என்று எழுதி நம் ஊர் நூலகத்தில் ஒரு பிரதி கொடுங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள். பழைய பழக்கம், எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

வாழ்த்துகளுடன்,
உங்கள் டீச்சர்