ஈமாக்ஸ்: தன்விருப்பமாக்கலும் விரைவாக்கமும்

ஈமாக்ஸ் என்பது நிரலாளர்கள் பயன்படுத்தும் கட்டற்ற உரைத்தொகுப்பிகளுள் ஒன்றாகும். பயனர் இதன் ஏறத்தாழ எந்தப் பகுதியையும் தம் தேவைக்கேற்ப மாற்றியமைக்க இயலும். இவ்வாறு மாற்றியமைத்தல் தன்விருப்பமாக்கல் எனப்படுகின்றது. மாற்றங்கள் பெருகும்போது தொகுப்பி தொடங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் கூடுவதுண்டு. ஈமாக்ஸ் மெதுவானது என்று கருதப்படுவதற்குப் பல வேளைகளில் தொகுப்பியைவிடப் பயனர் சேர்த்த அமைப்புகளே காரணமாகின்றன. அவற்றைக் கண்டறிந்து சீர்செய்யும் முறைகளை இக்கட்டுரை விளக்குகின்றது.

வரலாறு

ஈமாக்ஸின் முதல் வடிவம் 1976 இல் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவாண்மை ஆய்வகத்தில் உருவானது. அங்கு வழக்கிலிருந்த டீகோ என்னும் தொகுப்பிக்காகப் பலரும் எழுதி வைத்திருந்த குறுநிரல்களை ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் ஆகியோர் ஒருங்கிணைத்தனர். குனு திட்டத்திற்காக ஸ்டால்மன் 1984 இல் எழுதத் தொடங்கிய குனு ஈமாக்ஸ் 1985 இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. இக்கட்டுரையில் ஈமாக்ஸ் என்பது இதனையே குறிக்கும்.

வேகம் பற்றிய குறை பழமையானது. நினைவகம் அரிதாக இருந்த காலத்தில், எட்டு மெகாபைட்டை எடுத்துக்கொண்டு ஓயாமல் வட்டுக்கும் நினைவகத்துக்கும் அலைவது என்று ஈமாக்ஸின் ஐந்து ஆங்கில எழுத்துகளுக்கும் பயனர்கள் வேடிக்கையாக விரிவு கூறினர். இன்றைய கணினிகளில் எட்டு மெகாபைட்டு ஒரு பொருட்டன்று. எனினும் தொடக்க நேரம் பற்றிய சிக்கல் வேறு வடிவில் தொடர்கின்றது.

கட்டமைப்பு

ஈமாக்ஸின் உட்கரு சி மொழியில் எழுதப்பட்டது. எஞ்சிய பெரும்பகுதி ஈமாக்ஸ் லிஸ்ப் என்னும் நிரல்மொழியில் அமைந்தது. ஒரு விசையை அழுத்தினால் அதனுடன் இணைக்கப்பட்ட லிஸ்ப் செயற்கூறு அழைக்கப்படுகின்றது. அச்செயற்கூற்றைப் பயனர் மீண்டும் வரையறுத்தால், தொகுப்பியை நிறுத்தாமலேயே புதிய வரையறை நடைமுறைக்கு வரும்.

தொகுப்பியின் சொந்த நிரலுக்கும் பயனர் எழுதும் நிரலுக்கும் இடையே தடுப்பு எதுவும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு லிஸ்ப் நிரலே இயங்கும் என்பதால், பயனர் சேர்த்த செயற்கூறு தாமதித்தால் தட்டச்சு செய்வதும் நின்றுவிடும். எதையும் மாற்றலாம் என்ற உரிமையும், எதனாலும் வேகம் குறையலாம் என்ற இடரும் ஒரே கட்டமைப்பிலிருந்து பிறக்கின்றன.

தொடக்கக் கோப்பு

பயனரின் விருப்பங்கள் தொடக்கக் கோப்பு ஒன்றில் லிஸ்ப் நிரலாக எழுதப்படுகின்றன. ஈமாக்ஸ் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இக்கோப்பை முதலிலிருந்து இறுதிவரை இயக்குகின்றது. லிஸ்ப் அறியாதவர்கள் பட்டிகள் மூலம் விருப்பங்களை மாற்றுவதற்குக் கஸ்டமைஸ் என்னும் இடைமுகம் உள்ளது.

2012 இல் வெளிவந்த 24 ஆம் பதிப்பு, இணையத்திலிருந்து பொதிகளை நிறுவும் வசதியைத் தன்னுள் கொண்டிருந்தது. அதன்பின் பல பொதிகளைச் சேர்ப்பது எளிதாயிற்று. அவை அனைத்தும் தொடக்கத்திலேயே ஏற்றப்படுமானால் காத்திருப்பும் நீளும். 2020 இல் வெளிவந்த 27 ஆம் பதிப்பில் முன்தொடக்கக் கோப்பு ஒன்று அறிமுகமானது. இது பொதிகளும் சாளரமும் ஆயத்தமாகும் முன்னரே இயங்குகின்றது. கருவிப்பட்டை வேண்டாதவர்கள் அதனை இங்கேயே நீக்கினால், சாளரம் ஒருமுறை வரையப்பட்டு மீண்டும் அளவு மாறுவதைத் தவிர்க்கலாம்.

அளவிடுதல்

விரைவாக்கத்தின் முதற்படி அளவிடுதல் ஆகும். ஊகத்தின் அடிப்படையில் அமைப்புகளை மாற்றுவது பெரும்பாலும் பயன் தருவதில்லை.

1. ஈமாக்ஸைப் பெரிய எழுத்துக் கியூ தேர்வுடன் இயக்கினால் பயனரின் அமைப்புகள் எவையும் ஏற்றப்படா. அப்போது விரைவாகத் தொடங்குமாயின் தாமதம் பயனரின் அமைப்புகளில் உள்ளது என அறியலாம்.
2. தொடக்கத்திற்கு எத்தனை நொடிகள் ஆயின என்பதைக் காட்டும் ஆணை உள்ளிணைக்கப்பட்டுள்ளது.
3. தொடக்கக் கோப்பின் ஒரு பாதியைச் செயலிழக்கச் செய்து மீண்டும் அளந்தால் தாமதம் எந்தப் பாதியில் உள்ளது எனத் தெரியும். இவ்வாறு பாதி பாதியாகக் குறுக்கினால், 1,000 வரிகள் கொண்ட கோப்பிலும் ஏறத்தாழ பத்து முறைகளில் குறிப்பிட்ட வரியை நெருங்கிவிடலாம்.
4. பயன்பாட்டின் இடையில் ஏற்படும் தாமதத்தை ஆராய உள்ளிணைந்த புரொஃபைலர் உதவுகின்றது. எந்தச் செயற்கூறு எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை இது பட்டியலிடும்.

விரைவாக்கும் முறைகள்

தேவைப்படும்போது ஏற்றுதல்: ஒரு பொதியின் செயற்கூறு முதன்முறை அழைக்கப்படும்போது மட்டும் அப்பொதியை ஏற்றச் செய்யலாம். பைத்தான் மொழிக்கான பொதி, பைத்தான் கோப்பைத் திறக்கும்வரை நினைவகத்தில் இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பயனர்களுக்கு மிகுந்த பயன் தருவது இம்முறையே. இதனை எளிதாக்கும் யூஸ்-பேக்கேஜ் 2023 இல் வெளிவந்த 29 ஆம் பதிப்பிலிருந்து ஈமாக்ஸின் பகுதியாக உள்ளது.

வழங்கியாக இயக்குதல்: 2009 இல் வெளிவந்த 23 ஆம் பதிப்பிலிருந்து ஈமாக்ஸைப் பின்புலத்தில் வழங்கியாக இயக்க இயலும். கணினியில் புகுபதிகை செய்யும்போது ஒருமுறை தொடங்கிவிட்டால், அதன்பின் கோப்புகளைத் திறப்பது சிறிய வாங்கி நிரலின் வேலையாகிவிடும். கிட் கருவியில் மாற்றக் குறிப்பு எழுதுவது போன்ற சிறு பணிகளுக்கு இது மிகவும் ஏற்றது.

குப்பை சேகரிப்பு: பயன்படாத நினைவகத்தை மீட்கும் பணி இப்பெயரால் அழைக்கப்படுகின்றது. 64 பிட்டுக் கணினிகளில் இதற்கான இயல்பிருப்பு வரம்பு 8,00,000 பைட்டுகள் ஆகும். தொடக்கத்தின்போது பெருமளவு நிரல் ஏற்றப்படுவதால் இவ்வரம்பு பலமுறை எட்டப்படுகின்றது. தொடங்கும் நேரத்திற்கு மட்டும் வரம்பை உயர்த்திப் பின்னர் இறக்குவது வழக்கம். இறக்காமல் விட்டால் சேகரிப்பு அரிதாக நிகழும். நிகழும்போது நீண்ட தடங்கல் ஏற்படக்கூடும்.

முன்கூட்டியே மொழிமாற்றுதல்: லிஸ்ப் நிரலைப் பைட்டு நிரலாக மாற்றினால் அது விரைந்து இயங்கும். 2022 இல் வெளிவந்த 28 ஆம் பதிப்பு, நிரலை நேரடியாக இயந்திர மொழிக்கு மாற்றும் வசதியையும் சேர்த்தது. எனினும் தொடக்கக் கோப்பையே பைட்டு நிரலாக மாற்றுவதை ஈமாக்ஸின் கையேடு பரிந்துரைப்பதில்லை. அதனால் கிடைக்கும் வேகம் குறைவு. கோப்பைத் திருத்தியபின் மீண்டும் மாற்ற மறந்தால் பழைய நிரலே இயங்கிக் குழப்பம் விளையும்.

பயன்பாட்டின்போது வேகம்

வரி எண்களைக் காட்டுவதற்கு முன்பு பயன்பட்ட லினம் என்னும் பொதி லிஸ்ப்பில் எழுதப்பட்டதால் பெரிய கோப்புகளில் திரை நகர்வதைத் தாமதப்படுத்தியது. 2018 இல் வெளிவந்த 26 ஆம் பதிப்பில் அவ்வசதி சி மொழியிலான உட்கருவிலேயே சேர்க்கப்பட்டது. பழைய அமைப்புகளைப் படியெடுத்துப் பயன்படுத்துவோர், புதிய பதிப்பு இருந்தும் பழைய தாமதத்தையே பெறுவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

முழுக் கோப்பும் ஒரே வரியில் அமைந்த தரவுக் கோப்புகள் நீண்டகாலம் ஈமாக்ஸைத் திணறடித்தன. 27 ஆம் பதிப்பு, இத்தகைய கோப்புகளில் சுமையான வசதிகளை நிறுத்திவைக்கும் முறைமையைக் கொண்டுவந்தது. 29 ஆம் பதிப்பில் திரையில் காட்டும் உட்கருப் பகுதியே மேம்படுத்தப்பட்டது.

தமிழ் உள்ளீடு

ஈமாக்ஸில் தமிழ் உள்ளீட்டு முறைகள் உள்ளிணைக்கப்பட்டுள்ளன. ரோமன் எழுத்துகள் வழியே தட்டச்சு செய்யும் ஐட்ரான்ஸ் முறையும் இன்ஸ்கிரிப்ட் முறையும் அவற்றுள் அடங்கும். விரும்பிய முறையைத் தொடக்கக் கோப்பில் ஒரே வரியில் இயல்பிருப்பாக அமைத்துக்கொண்டால், கண்ட்ரோல் விசையையும் பின்சாய்கோட்டையும் சேர்த்து அழுத்தித் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம்.

கவனிக்க வேண்டியவை

தொடக்கக் கோப்பில் உள்ள நிரல், பயனருக்கு உரிய அனைத்து அனுமதிகளுடனும் இயங்குகின்றது. அவருடைய கோப்புகளை அழிக்கவும் அதனால் இயலும். ஆகவே பிறருடைய அமைப்புகளைப் பொருள் அறியாமல் படியெடுப்பது வேகத்தை மட்டுமன்றிப் பாதுகாப்பையும் பாதிக்கக்கூடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்வதும், தொடக்கக் கோப்பைப் பதிப்புக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் நல்ல வழக்கங்கள் ஆகும். பிழை நேர்ந்தால் முன்னிருந்த நிலைக்குத் திரும்ப இவை உதவும்.

இவற்றையும் பார்க்க

விம்
லிஸ்ப்
குனு திட்டம்
கட்டற்ற மென்பொருள்