ஒட்டுக்கேட்கும் அதிகாரமும் ஓட்டுப்போடும் மக்களும்

ஒட்டுக்கேட்புச் சட்டங்களைப் பற்றி நம் கட்சித் தலைவர்கள் கொண்ட நிலைப்பாடுகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருக்கும்வரை அந்த அதிகாரம் சனநாயகத்தின் மீதான தாக்குதல். ஆளும் வரிசைக்கு வந்ததும் அதுவே தேசப் பாதுகாப்பு. எவருக்கு வாக்களித்தாலும் இந்த ஒன்று மட்டும் மாறுவதில்லை என்ற வாக்காளரின் சலிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு.

தந்திச் செய்திகளை இடைமறிக்கும் அதிகாரத்தை 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டமும், கடிதங்களை இடைமறிக்கும் அதிகாரத்தை 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டமும் காலனி அரசுக்கு வழங்கின. விடுதலைப் போராட்டத் தலைவர்களின் கடிதங்கள் பிரிக்கப்பட்டன. அந்த வடு ஆறாதிருந்த காலத்திலேயே அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்டது. அடிப்படை உரிமைகளுக்கான துணைக்குழுவின் தொடக்க வரைவில் கடிதப் போக்குவரத்தின் மறைகாப்பு ஓர் உரிமையாக இடம்பெற்றது. சென்னையின் புகழ்பெற்ற சட்ட அறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் பி. என். ராவும் எழுப்பிய ஆட்சேபங்களுக்குப் பின் அது கைவிடப்பட்டது. 1947 ஏப்ரலில் பொதுவுடைமைக் கட்சியின் சோம்நாத் லாகிரி அதை மீண்டும் சேர்க்க முயன்றார்; அவை ஏற்கவில்லை. கடிதம் பிரிக்கப்பட்டவர்களே பிரிக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டனர்.

1972இல் இந்திரா காந்தி அரசு தந்திச் சட்டத்தின் 5ஆம் பிரிவைத் திருத்தி எழுதியது. பின்னர் நெருக்கடிநிலை வந்தது. 1977இல் மக்கள் அந்த அரசை வீழ்த்தி, சிறையிலிருந்து வந்த தலைவர்களை ஆட்சியில் அமர்த்தினர். ஜனதா அரசு பத்திரிகைகளை முடக்கிய சட்டத்தை நீக்கியது, மிசாவையும் நீக்கியது. 5ஆம் பிரிவின் மீது மட்டும் கை வைக்கவில்லை. தங்களைச் சிறைக்கு அனுப்பிய சட்டங்கள் போயின. தங்களுக்குப் பயன்படக்கூடிய சட்டம் நின்றது.

1986இல், மக்களவையில் 400க்கும் மேற்பட்ட இடங்களைக் கொண்டிருந்த ராஜீவ் காந்தி அரசு, அஞ்சலகச் சட்டத் திருத்த மசோதாவை இரு அவைகளிலும் நிறைவேற்றியது. கடிதங்களைப் பிரிக்கும் அதிகாரத்தை விரிவாக்கிய அம்மசோதாவுக்கு எதிராக நாடெங்கும் குரல் எழுந்தது. அதைத் தடுத்தது நாடாளுமன்றமன்று. குடியரசுத் தலைவர் ஜைல் சிங் ஒப்புதலும் தராமல், திருப்பியும் அனுப்பாமல் கிடப்பில் போட்டார். அவருக்குப் பின் வந்த ஆர். வெங்கட்ராமன் அதைத் திருப்பி அனுப்பினார். அது சட்டமாகவே இல்லை.

அடுத்த சில ஆண்டுகளில் இதே அதிகாரம் அரசியல்வாதிகளையே சுட்டது. 1988இல் தொலைபேசி ஒட்டுக்கேட்புக் குற்றச்சாட்டால் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். 1991 மார்ச்சில், ராஜீவ் காந்தி வீட்டருகே ஹரியானா காவலர் இருவர் வேவு பார்த்ததாக எழுந்த புயலில் சந்திரசேகர் அரசு வீழ்ந்தது. ஆட்சி கவிழ்ந்ததே தவிர, சட்டம் அசையவில்லை.

அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டது குறித்த சிபிஐ அறிக்கை 1991இல் வெளிவந்ததும், மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, உள்துறைச் செயலரின் ஆணை, இரண்டு மாதக் காலவரம்பு, மறுஆய்வுக் குழு ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. உரிய விதிகளை அதுவரை அரசு வகுக்காததையும் நீதிமன்றம் கண்டித்தது. ஆயினும் நீதிபதியின் முன்அனுமதி வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. சட்டத்தில் அதற்கு இடமில்லாத நிலையில் தாமாக விதிக்க இயலாது என்றது நீதிமன்றம். ஆணையிடுபவரும் அரசு அதிகாரி, அதைச் சரிபார்ப்பவர்களும் அரசுச் செயலர்கள் என்ற ஏற்பாடே நிலைத்தது.

2008 டிசம்பரில், காங்கிரஸ் தலைமையிலான அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திருத்தியது. மும்பைத் தாக்குதலின் நிழலில், உரிய விவாதமின்றியே அது நிறைவேறியது. கணினித் தகவல்களை இடைமறிக்கும் 69ஆம் பிரிவு, எந்தக் குற்றத்தின் விசாரணைக்கும் பயன்படுமாறு விரிந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2018 டிசம்பரில், பாஜக அரசு அதே பிரிவின்கீழ் 10 அமைப்புகளுக்கு அதிகாரம் அளித்து ஆணையிட்டபோது காங்கிரஸ் கொதித்தெழுந்தது. இவை நீங்கள் 2009இல் வகுத்த விதிகள்தாமே என்பது ஆளுங்கட்சியின் மறுமொழி. இரு தரப்பும் கூறியது உண்மை. வாக்காளரின் கசப்பும் அங்கேதான் பிறக்கிறது.

2023 டிசம்பரில் புதிய அஞ்சலகச் சட்டமும் தொலைத்தொடர்புச் சட்டமும் அடுத்தடுத்து நிறைவேறின. அந்தக் கூட்டத்தொடரில் எதிர்க்கட்சி உறுப்பினர் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். ஜைல் சிங் நிறுத்திவைத்தது போன்ற தடை எதுவும் இம்முறை எழவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் கூறிய பின்னும், நீதிபதியின் முன்அனுமதி இச்சட்டங்களில் இடம்பெறவில்லை.

இதைத் தலைவர்களின் குணக்கேடு என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதி உண்மையே கிட்டும். 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பின், கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். எனவே தொகுதி மக்கள் தம் உறுப்பினரை எவ்வளவு நெருக்கினாலும் அவரால் செய்யக்கூடியது சிறிதே. 2011இல் உளவு அமைப்புகளை நாடாளுமன்றக் கண்காணிப்பின்கீழ்க் கொணரத் தனிநபர் மசோதா கொண்டுவந்த மணீஷ் திவாரி ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர்தாம். அதுவும் சட்டமாகவில்லை.

ஆகவே கேள்வியைத் தேர்தலுக்கு முன்பே, கட்சித் தலைமையிடமே கேட்க வேண்டியிருக்கிறது. இடைமறிப்புக்கு நீதிபதியின் அனுமதி கட்டாயமாகுமா? விசாரணை முடிந்தபின் உரியவருக்கு அறிவிக்கப்படுமா? ஆண்டுதோறும் எத்தனை ஆணைகள் என்ற கணக்கு நாடாளுமன்றத்தில் வைக்கப்படுமா? “எதிரணி செய்தது தவறு” என்பது இவற்றுள் எதற்கும் விடையாகாது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது இம்மூன்றையும் எழுத்தில் தர மறுக்கும் கட்சி, ஆட்சிக்கு வந்தபின் தரும் என்று நம்புவதற்கு 1947 முதலான வரலாற்றில் ஒரு சான்றும் இல்லை.