நடுகற்கள் (கிருஷ்ணகிரி – ஓசூர் வட்டாரம்)

ஆநிரைப் பூசலில் பட்டவர்க்கும் புலியோடு பொருது மாண்டவர்க்கும் ஊரார் எடுத்த நினைவுக்கற்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் பகுதிகளில் மிகுதி. 1993இல் தொடங்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் சிறியதே. ஆயினும் இக்கற்களை அருகில் நின்று பார்க்க ஏற்ற இடம்.

கல் நடும் முறையைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகளாகக் கூறுகிறது. எழுத்துடைய நடுகற்களில் மிகப் பழையவை தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கற்கள் என்பர்.

இவ்வட்டாரத்துக்குச் சான்று பெருகுவது பல்லவர் காலத்தில்தான். வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டு முதலில் வரும்; அடுத்து இன்னார் சேவகன், இன்ன ஊர்த் தொறு மீட்டுப் பட்டான் என்ற செய்தி. தொறு என்பது மாட்டு மந்தை. வீரன் இடக்கையில் வில்லும் வலக்கையில் வாளுமாகக் காலை முன்வைத்து நிற்பான். சில கற்களில் உடலில் அம்பு தைத்திருக்கும். காலருகே கெண்டியும் சிமிழும் இருக்கும். செங்கம் பகுதி எடுத்தனூர்க் கல் (மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு) தனித்துச் சொல்லத்தக்கது: வீரன் அருகில் அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லே சொல்கிறது. ஒரு சேவகனுக்கும் நாய்க்கும் பெயரோடு கல் கிடைத்தது.

கற்களில் வரும் அரசர் பெயர்கள் சில பல்லவரைக் குறிப்பனவா, வேறு மரபினரையா என்பதில் அறிஞரிடையே ஒத்த கருத்தில்லை. இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ (1972) இவ்வாய்வுக்கு அடித்தளம்.

பிற்காலக் கற்களில், குறிப்பாக ஓசூர்ப் பக்கம், கன்னட நாட்டு வீரகல் பாணி தெரிகிறது: கீழே போர், நடுவே வீரனைத் தேவமகளிர் ஏந்திச் செல்லுதல், மேலே சிவலிங்க வழிபாடு. புலிகுத்திக் கற்களும் உண்டு.

பல கற்கள் இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படுகின்றன. மஞ்சளும் எண்ணெயும் படிந்து எழுத்து மறைந்தவை அவற்றில் உண்டு. ஆனால் வழிபாடு இருப்பதாலேயே அவை இடம் பெயராமல் நிற்கின்றன. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. கருங்கல் குவாரிகளும் சிப்காட் தொழிற்பேட்டைகளும் பெருகிய இவ்வட்டாரத்தில் வயலோரக் கற்களைத் தேடிப் பதிவு செய்யும் பணியில் உள்ளூர் ஆர்வலர்களும் ஈடுபட்டுள்ளனர்.